விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள்: 'சோர்ட் ஆர்ட் ஆன்லைன்' மங்காவை எங்கிருந்து தொடங்குவது?

போன கோடை விடுமுறையில் அக்கா மகன் என் வீட்டில் ஒரு புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனான். வாளோடு நிற்கும் ஒரு பையனும் பெண்ணும் அட்டையில். சிறு வயதில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் எல்லாம் விழுந்து விழுந்து படித்தவன் நான். படக்கதை நமக்குத் தெரியாததா என்று புரட்டினேன். இருபது பக்கம் போயும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சண்டை முடிந்த பிறகு சண்டைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் கேட்டபோது அவன் சிரித்தான். "மாமா, நீங்க கடைசிப் பக்கத்துல இருந்து படிச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் 'சோர்ட் ஆர்ட் ஆன்லைன்' என்ற அந்தத் தொடரை ஏறக்குறைய முழுக்கப் படித்துவிட்டேன். தொடக்கத்தில் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை படித்ததில்லை, வீடியோ கேம் விளையாடியதும் இல்லை என்றாலும் பரவாயில்லை. சொல்லப்போனால், விளையாட்டுத் தெரியாதவர்களுக்குத்தான் இந்தக் கதை நன்றாகப் பிடிபடும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எதை வாங்குவது?

கடையில் போய் 'சோர்ட் ஆர்ட் ஆன்லைன் மங்கா கொடுங்கள்' என்று கேட்டால் எந்த மங்கா என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரே பெயரில் பல தொடர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் வரைந்திருக்கிறார். இதற்குக் காரணம், இது மங்காவாகப் பிறந்த கதையே அல்ல. ரெக்கி கவாஹரா 2001 வாக்கில் ஒரு நாவல் போட்டிக்காக இதை எழுதினார். பக்க வரம்பைத் தாண்டிப் போனதால் போட்டிக்கு அனுப்பவில்லை. 2002-இல் தன் இணையதளத்தில் புனைபெயரில் போட்டார். 2008-இல் வேறொரு கதைக்கு டெங்கெக்கி நாவல் போட்டியின் முதல் பரிசு கிடைத்த பிறகு, பதிப்பாளர்கள் இதையும் கேட்டு வாங்கி 2009 ஏப்ரலில் அச்சிட்டார்கள். ஜப்பானில் லைட் நாவல் என்பார்கள்: கைக்கு அடக்கமான சிறிய புத்தகம், நடுநடுவே சில படங்கள். அந்த நாவல்களின் ஒவ்வொரு பகுதியையும் எடுத்துத் தனித்தனி ஓவியர்கள் மங்காவாக வரைந்தார்கள்.

புதியவர்களுக்கு இரண்டு தொடர்கள் போதும். ஒன்று 'ஐன்கிராட்'. தமாக்கோ நாகமுரா வரைந்தது, மொத்தமே இரண்டு தொகுதி. ஆங்கிலத்தில் யென் பிரஸ் இரண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறது. இன்னொன்று 'புரோகிரசிவ்'. கிசேக்கி ஹிமுரா வரைந்தது, ஏழு தொகுதி. இரண்டும் ஒரே கதையின் தொடக்கத்தைச் சொல்கின்றன. ஆனால் சொல்லும் விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

நான் சொல்லும் வழி இதுதான்: ஐன்கிராட்டின் தொடக்கத்தை மட்டும் படியுங்கள். முதல் நாள் முடிந்ததும் மூடி வையுங்கள். உடனே புரோகிரசிவுக்குப் போய்விடுங்கள். அதை முடித்துவிட்டு ஐன்கிராட்டுக்குத் திரும்பி வாருங்கள். பழைய ரசிகர்கள் இதைக் கேட்டால் வெளியான வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஐன்கிராட் முதல் நாளிலிருந்து சட்டென்று இரண்டு வருடம் தாண்டிவிடுகிறது. அதற்குள் நாயகன் பெரிய வீரன், எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நமக்குத்தான் ஒன்றும் தெரியாது.

மின்நூலாக வாங்குவதென்றால் கிண்டிலிலும் கிடைக்கும், புக்வாக்கர் என்ற தளத்திலும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பக்கங்களைத் திறந்து, உங்கள் போனில் எழுத்து படிக்கிற அளவுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். சிறிய போனில் மங்கா படிப்பது கண்ணுக்குத் தண்டனை. டேப்லெட் இருந்தால் நல்லது. அச்சுப் புத்தகம் இன்னும் நல்லது.

புத்தகத்தைப் பிடிக்கும் விதம்

வலமிருந்து இடம். உருதுப் புத்தகத்தைப் பிடிப்பதுபோல, முதுகு வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாலும் படங்களைத் திருப்புவதில்லை. திருப்பினால் எல்லா வீரர்களும் இடக்கை வாள்காரர்கள் ஆகிவிடுவார்களே! பல மங்காக்களில் தவறான பக்கம் திறந்தால் 'நிறுத்துங்கள், இது கடைசிப் பக்கம்' என்று ஓர் அறிவிப்பு இருக்கும். என் கண்ணில் அப்படி ஒன்று பட்டிருந்தாலும் விளம்பரம் என்று தள்ளியிருப்பேன்.

ஒரு பக்கத்துக்குள்ளும் அதே கணக்கு. மேல் வரிசையில் வலக்கோடிக் கட்டம், அதற்கு இடப்பக்கம் இருப்பது அடுத்தது, பிறகு கீழ் வரிசை. கட்டத்துக்குள் பேச்சுக் குமிழிகளும் அப்படித்தான். வலப்பக்கக் குமிழி முதலில். ஆங்கில வார்த்தைகள் மட்டும் வழக்கம்போல இடமிருந்து வலம். முதல் ஐம்பது பக்கம் கண் தடுமாறும். அப்புறம் தானாக வந்துவிடும். எனக்கு நேர்ந்த சிக்கல் வேறு: ஒரு மாதம் மங்கா மட்டுமே படித்துவிட்டு வார இதழ் ஒன்றை எடுத்தால், அதில் இருந்த கார்ட்டூனை வலப்பக்கத்திலிருந்து படித்தேன்.

இன்னும் சில குறிகள். கட்டங்களுக்கு இடையில் உள்ள வெள்ளை இடம் கறுப்பாக மாறியிருந்தால் பெரும்பாலும் அது பழைய நினைவு. முள்முள்ளாக இருக்கும் குமிழி கத்தல். நெற்றியில் முடிச்சுப்போல ஒரு குறி போட்டிருந்தால் ஆள் கோபமாக இருக்கிறார். பெரிய வியர்வைத் துளி என்றால் அசடு வழிகிறார். படத்தின் மேலேயே பெரிதாகக் கிறுக்கியிருக்கும் ஜப்பானிய எழுத்துகள் சத்தங்கள்: வாள் மோதல், கதவு திறப்பு. அருகில் சின்னதாக மொழிபெயர்த்திருப்பார்கள். இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

முதல் நாள்: விதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. கதை 2022 நவம்பர் 6 அன்று தொடங்குகிறது. (அந்தத் தேதி நிஜமாகவே வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் கொண்டாடினார்கள்.) நெர்வ்கியர் என்ற தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு படுத்தால், மூளைக்கும் உடலுக்கும் இடையே போகும் செய்திகளை அது தடுத்து வாங்கிக்கொள்ளும். நீங்கள் கையை அசைக்க நினைத்தால் கட்டிலில் இருக்கும் கை அசையாது, விளையாட்டுக்குள் இருக்கும் கை அசையும். மதியம் ஒரு மணிக்கு விளையாட்டு திறக்கிறது. உள்ளே போனவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர்.

நாயகன் கிரிட்டோ. பொதுமக்களுக்குத் திறக்கும் முன் ஆயிரம் பேரை மட்டும் விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆயிரத்தில் இவனும் ஒருவன். கிளைன் என்ற புதியவனுக்குக் காட்டுப்பன்றியை அடிக்கக் கற்றுத் தருகிறான். இந்தக் காட்சியைச் சிரிப்புக் காட்சி என்று தாண்டிவிடாதீர்கள். மொத்தக் கதையின் சண்டை இலக்கணமும் இதில் இருக்கிறது. இந்த உலகத்தில் மந்திரம் கிடையாது, வாள் வித்தைதான். ஒரு குறிப்பிட்ட நிலையில் வாளைப் பிடித்து ஒரு நொடி நின்றால் சிஸ்டம் அதை அடையாளம் கண்டுகொண்டு மீதியைத் தானே இழுத்துச் செல்லும். அடி இடிபோல விழும். ஆனால் அடித்து முடித்ததும் உடல் சிறிது நேரம் உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் எதிரி திருப்பி அடித்தால் தடுக்க முடியாது.

அதனால்தான் பின்னால் எல்லாச் சண்டையிலும் 'ஸ்விட்ச்!' என்று கத்துகிறார்கள். ஒருவர் எதிரியின் ஆயுதத்தைத் தட்டிவிட்டு உறைந்து நிற்க, பின்னால் இருப்பவர் அந்த இடைவெளியில் முன்னே பாய்கிறார். கபடியில் தொட்டுவிட்டுத் திரும்புபவனைச் சங்கிலிக்காரர்கள் மடக்குவதுபோல எல்லாம் நேரக் கணக்கு. இது புரியாமல் படித்தால் பக்கம் பக்கமாகக் கோடுகளும் வெளிச்சமும்தான் தெரியும்.

மாலை ஐந்தரை மணிக்கு மணி அடிக்கிறது. வெளியேறும் பொத்தான் பட்டியலில் இல்லை. எல்லாரையும் தொடக்க நகரத்தின் சதுக்கத்துக்கு இழுத்துவந்து நிறுத்துகிறார் விளையாட்டைப் படைத்த கயாபா அகிஹிகோ. அவர் சொல்லும் விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். நான் அப்படித்தான் செய்தேன்:

உள்ளே செத்தால் வெளியிலும் சாவு. தலைக்கவசம் மூளையை நுண்ணலையால் பொசுக்கிவிடும். வெளியில் இருப்பவர்கள் கவசத்தைக் கழற்றினாலும் அதே கதி. மின்சாரம் பத்து நிமிடம் நின்றாலும், இணையத் தொடர்பு இரண்டு மணி நேரம் அறுந்தாலும் அதேதான். கேட்காமல் கழற்றிவிட்ட குடும்பங்களால் ஏற்கெனவே 213 பேர் போய்விட்டார்கள். வெளியேற ஒரே வழி, நூறு தளம் கொண்ட மிதக்கும் கோட்டையின் உச்சிக்குப் போய் கடைசிப் பூதத்தை வீழ்த்துவது.

பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடி வருகிறது. பார்த்ததும் வெளிச்சம் சூழ்ந்து, ஆசைப்பட்டு உருவாக்கிய அழகு முகங்கள் போய் நிஜ முகங்கள் வந்து நிற்கின்றன. பெண் உடையில் தாடிக்காரர்கள். கிரிட்டோவும் கிளைனும் ஒருவரையொருவர் யார் என்று கேட்டுக்கொள்கிறார்கள். சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாத அந்தப் பக்கத்தைத் தாண்டி, நகரத்தை விட்டுக் கிரிட்டோ தனியாக ஓடும்வரை படித்து, புத்தகத்தை மூடுங்கள். ஐன்கிராட் இப்போதைக்குப் போதும்.

முதல் தளம்: அசுனாவோடு கற்றுக்கொள்ளுங்கள்

புரோகிரசிவ் மங்கா அசுனாவின் கண் வழியாகத் தொடங்குகிறது. படிப்பு, தேர்வு என்று வளர்ந்த பெண். அண்ணன் தனக்காக வாங்கி வைத்திருந்த விளையாட்டு அது. அவர் வேலையாக வெளியூர் போன நாளில் சும்மா ஒருமுறை மாட்டிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். விளையாட்டைப் பற்றி அவளுக்கு எதுவுமே தெரியாது. நமக்கும் தெரியாது. விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் பிடிபடும் என்று முன்னால் சொன்னது இதனால்தான். அவள் கேட்கும் கேள்விகள் நம் கேள்விகள்.

ஏற்கெனவே சாகப்போகும் அரக்கனை எதற்கு முழு வேகத்தில் குத்துகிறாய் என்று கிரிட்டோ கேட்கிறான். அதிகமாக அடித்தால் என்ன கெட்டுப்போகிறது என்கிறாள். சக்தி வீணாகும், கவனம் சிதறும், திரும்பிப் போகும் வழியில் ஆபத்து என்று அவன் விளக்குகிறான். திரும்பிப் போகிற எண்ணமே அவளுக்கு இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. விளையாட்டின் விதியும் மனிதரின் மனமும் ஒரே வசனத்தில் வருகிற இடம் இது.

அடுத்து ரொட்டி. டோல்பானா என்ற ஊரில் ஒரு கோல் விலைக்குக் கறுப்பு ரொட்டி விற்கிறார்கள். கோல் என்பது அங்குள்ள காசு. காய்ந்து கல்லாக இருக்கும் ரொட்டி. கிரிட்டோ ஒரு சின்ன ஜாடியை எடுத்துத் தருகிறான். தொட்டுத் தடவினால் பாலேடு. ஒரு மாட்டுக் கிராமத்தில் வேலை செய்து கொடுத்தால் பரிசாகக் கிடைப்பது. அசுனா ஒரு வாய் கடித்துவிட்டு, அப்புறம் தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கிறாள். சாவதற்குத் தயாராக இருந்தவளை வாளோ வீர வசனமோ திருப்பவில்லை, ஜாடியில் இருந்த பாலேடு திருப்புகிறது. இந்தக் காட்சி பிடித்திருந்தால் தொடரை நம்பி வாங்கலாம். பிடிக்கவில்லை என்றால் முதல் தொகுதியோடு விட்டுவிடுங்கள், காசு மிச்சம்.

இங்கே சில சொற்கள் அடிக்கடி வரும். எச்பி என்பது உயிரின் அளவு, இடப்பக்க மேல் மூலையில் ஒரு பட்டை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று இறங்கும். பார்ட்டி என்பது சேர்ந்து சண்டையிடும் குழு, ஆறு பேர் வரை. கில்ட் அதைவிடப் பெரிய, நிலையான அமைப்பு. பாஸ் என்பது ஒவ்வொரு தளத்தின் காவல் பூதம். அதைக் கொன்றால்தான் அடுத்த தளத்தின் கதவு திறக்கும். தலைக்கு மேல் மிதக்கும் குறி பச்சையாக இருந்தால் நல்லவர் என்று வைத்துக்கொள்ளலாம்; ஆரஞ்சு என்றால் சக மனிதரைத் தாக்கியவர். பச்சையாக இருந்துகொண்டே மற்றவரைச் சாகடிக்கும் வழிகளும் உண்டு. அது பின்னால் வரும்.

பீட்டர் என்ற சொல்லை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஆளின் பெயர் இல்லை. நம் ஊரில் பீட்டர் விடுவது என்கிறோமே, அதுவும் இல்லை. சோதனைக் காலத்தில் விளையாடியவர்களுக்கு பீட்டா டெஸ்டர் என்று பெயர். அதோடு ஏமாற்றுக்காரன் என்பதற்கான சீட்டர் என்ற சொல்லை ஒட்டினால் பீட்டர். ஒரு மாதத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் செத்தும் முதல் தளமே தாண்டப்படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் புதியவர்களை விட்டுவிட்டு ஓடிப்போனதுதான் காரணம் என்று ஆத்திரம் கொதிக்கிறது. ஆனால் அர்கோ என்ற தகவல் வியாபாரிப் பெண், அந்தப் பழையவர்களிடமிருந்து விவரம் திரட்டி, புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டு இலவசமாக வைத்திருக்கிறாள். கிரிட்டோவிடம் மட்டும் அதற்கு ஐந்நூறு கோல் கறந்துவிட்டாள் என்பது கிளைக்கதை. பாஸைப் பற்றிய இதழின் பின்னட்டையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இவை சோதனைக் காலத்துத் தகவல்கள், இப்போது மாறியிருக்கலாம். அந்த வரி வரும் கட்டத்தைத் தாண்டும்போது அவசரப்படாதீர்கள். முதல் தளச் சண்டையின் முடிவு அதில்தான் தொங்குகிறது. டியாபெல் என்ற நீல முடித் தலைவரின் மேலும் ஒரு கண் வைத்திருங்கள். இதற்கு மேல் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

சண்டை முடிந்ததும் அசுனா, என் பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். உன் இடப்பக்கம் இன்னொரு பட்டை இருக்கிறதே, அதில் பார் என்கிறான். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி, கி, ரி, டோ என்று எழுத்துக்கூட்டுகிறாள். இத்தனை நாள் அவன் பெயர் அவள் கண்முன்னேதான் மிதந்துகொண்டிருந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

புதிதாகப் படிக்கும்போது கதைமாந்தர் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். தேடல் பெட்டியே மீதியை எழுதிக் காட்டிவிடும். ஐன்கிராட்டில் ஒரு பெரிய ரகசியம் உண்டு. அக்கா மகனின் நண்பன் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் அதை என்னிடம் போட்டு உடைத்தான். இன்னும் அவனை நான் மன்னிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதென்றால் முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள். புரோகிரசிவில் குளியல் காட்சியை ஓவியர் தேவைக்கு மேல் நீட்டியிருக்கிறார். ஐன்கிராட்டுக்கு அடுத்த 'ஃபேரி டான்ஸ்' மூன்று தொகுதி. அதில் ஒரு பெண்ணைக் கூண்டில் அடைத்துத் துன்புறுத்தும் காட்சிகள் வருகின்றன. அந்தப் பகுதியை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தாண்டினேன். தொடரின் பலவீனமும் அங்கேதான் தெரிகிறது: முதல் தளத்தில் அத்தனை கூர்மையாக இருந்த பெண், அங்கே மீட்கப்படக் காத்திருப்பவளாகிவிடுகிறாள்.

புரோகிரசிவின் ஏழு தொகுதியையும் ஒரே மூச்சில் வாங்கிக் குவிக்க வேண்டாம். முதல் தளத்துக் கதை முடியும்வரை வாங்குங்கள், போதும். பிடித்திருந்தால் மேலே போகலாம். நூறு தளத்தையும் தளம் தளமாகப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடும் இறங்காதீர்கள். இந்த மங்கா தொடக்கத் தளங்களோடு நின்றுவிடுகிறது. அந்த ஏக்கம் வந்ததும் ஐன்கிராட்டைத் திரும்ப எடுங்கள். இரண்டு வருடத் தாவல் இப்போது உறுத்தாது. இடையில் இவர்கள் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று உங்களுக்கே ஓர் எண்ணம் இருக்கும்.

அதற்கும் மேலே வேண்டுமென்றால் நாவலுக்குப் போகலாம். ஒன்றும் இரண்டும் ஐன்கிராட்; முதல் நாவல் நேர்க்கதை, இரண்டாவதில் இடைப்பட்ட காலத்தின் நான்கு சிறு கதைகள். அந்த நான்கில், சின்னக் குழு ஒன்றோடு கிரிட்டோ சேர்ந்து பழகும் கிறிஸ்துமஸ் கால கதைதான் என்னைப் பொறுத்தவரை மொத்தத் தொடரின் உச்சம். இரவில் படிக்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

வேறு ஆசிரியர்களிடம் தாவ நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். 'லாக் ஹொரைசன்': ஜப்பானில் மட்டும் முப்பதாயிரம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஆனால் செத்தால் கோயிலில் பிழைத்து எழுந்துவிடுவார்கள். சாவு இல்லாத இடத்தில் என்ன சிக்கல்? சாப்பாட்டில் ருசியே இல்லை, சட்டம் இல்லை, செய்ய வேலை இல்லை. ஊரைக் கட்டி எழுப்பும் கதை. வாளைவிடக் கணக்குப் புத்தகம் பிடித்தவர்களுக்கு இதைத்தான் தருவேன். இன்னொன்று 'ஓவர்லார்ட்'. மூடப்படும் விளையாட்டில் கடைசி நிமிடம்வரை தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர், நள்ளிரவு தாண்டியும் வெளியே தள்ளப்படவில்லை. பொம்மைகளாக நின்ற வேலைக்காரர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். அவர் எலும்புக்கூட்டு அரசர், நல்லவர் என்று சொல்ல முடியாது. முந்தைய இரண்டையும் படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அக்கா மகன் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது புத்தகத்தைத் திருப்பிக் கேட்டான். முதல் தொகுதிதானே, இரண்டு நாளில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விதிகளை எழுதி வைத்த தாள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது.